சிப்பி செதுக்கிய சிற்பிக்கு

பெருமதிப்புக்குரிய சிற்பி ஐயா,

இந்த மடலை எந்தப் பெயருக்கு எழுதுவது என்பதே முதல் சிக்கலாக இருக்கிறது. 1750களிலும் 60களின் தொடக்கத்திலும் பிலடெல்பியாவில் இருந்துகொண்டு மகாகனி மரத்தில் இலையும் கொடியும் சிப்பியுமாகச் செதுக்கித் தள்ளிய உங்களுக்கு, பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். பட்டறையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். அது எந்தக் காகிதத்திலும் உங்கள் வேலையோடு சேர்ந்து தங்கவில்லை. இன்றைக்கு நீங்கள் 'கார்வன் சிற்பி'.

கார்வன் யார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் பிந்திப் பிறந்தவர் அவர். பிரான்சிஸ் கார்வன் என்ற வழக்கறிஞர். அமெரிக்காவின் பழைய மரச்சாமான்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் தேடித்தேடிச் சேர்த்தவர். 1930-இல், தமக்குத் திருமணமாகி 20 ஆண்டு நிறைந்தபோது, மனைவி மேபெல் பிரேடி கார்வன் பெயரில் அவற்றை யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்துக்குக் கொடுத்தார். அந்தத் தொகுப்பில் நீங்கள் செதுக்கிய உயரமான பெட்டகம் ஒன்று இருந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதே கையை வேறு பெட்டகங்களிலும் கண்டார்கள். 'கார்வன் தொகுப்பில் இருக்கிறதே, அதைச் செதுக்கியவர்' என்று அடையாளம் சொல்லிச் சொல்லி, அதுவே உங்கள் பெயராகிவிட்டது. வாங்கி வைத்தவரின் பெயர் செய்தவர் தலையில் ஏறியது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அவர் வாங்கிக் கொடுத்திருக்காவிட்டால் உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு இந்த முகவரிகூடக் கிடைத்திருக்காது. அதனால் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தொடர்கிறேன்.

இது திறந்த மடல். உங்கள் ஊர்ப் பெட்டகத்தைப் பார்த்திராத தமிழ் வாசகர்களும் படிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் கொஞ்சம் விவரிக்க வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

அது படுக்கையறையில் நிற்கும் சாமான். மடித்த துணிகளையும் விரிப்புகளையும் வைப்பதற்கானது. ஏழரை அடி, எட்டடி உயரம் இருக்கும். இரண்டு பாகமாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைப்பார்கள். கீழ்ப்பாகத்துக்கு வளைந்த நான்கு கால்கள். ஒவ்வொரு காலும் ஒரு உருண்டையைக் கவ்விப் பிடித்த பறவை நகத்தில் போய் முடியும். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் அகாந்தஸ் இலை படர்ந்து இறங்கும். மேல்பாகம் முழுக்க இழுப்பறைகள். உச்சியில் இரண்டு வளைவுகள் எதிரெதிராகச் சுருண்டு எழுந்து, நுனியில் ஆளுக்கொரு பூவை ஏந்தி நிற்கும். நடுவில் உள்ள இடைவெளியில் குடைந்தெடுத்த அணி ஒன்று, இருபுறமும் தீச்சுடர் போன்ற முடிகள். இவ்வளவுக்கும் கீழே, கால்களுக்கு இடையில், நடுவாக ஒரு இழுப்பறை. அதில்தான் சிப்பி இருக்கும். பக்கத்தில் போடும் அலங்கார மேசையிலும் அதே சிப்பி, அதே இலை.

இங்கிலாந்தில் இந்த உயரப் பெட்டகம் உங்கள் காலத்திலேயே பழசாகிவிட்டது. லண்டன் பணக்காரர்கள் வேறு சாமான்களுக்கு மாறிப்போனார்கள். உங்கள் ஊர் மாறவில்லை. லண்டன் கைவிட்ட ஒரு வடிவத்தை எடுத்து, லண்டனிலிருந்து வந்த புதுப் பாணிச் செதுக்கலை அதன்மேல் ஏற்றி, வேறெங்கும் இல்லாத ஒன்றாகப் பிலடெல்பியா அதை வளர்த்தது. 1780கள் வரைக்கும் விடவில்லை. தலைநகரத்தைப் பார்த்துப் படியெடுக்கும் குடியேற்ற ஊர் என்று உங்கள் ஊரைப்பற்றி எழுதுகிறவர்களை இந்தப் பெட்டகங்களின் முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும் போலிருக்கிறது.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். பெட்டகத்தை நீங்கள் செய்யவில்லை. தச்சர் செய்தார். மரம் அறுத்து, இழைத்து, மூலைகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, உள்ளுக்கு மலிவான உள்ளூர் மரமும் வெளியே மகாகனியும் போட்டு அவர் கட்டுவார். செதுக்க வேண்டிய பகுதிகள் மட்டும் உங்கள் மேசைக்கு வரும். சிப்பி இழுப்பறையின் முகப்புப் பலகை வந்தால், அதைக் குடைந்து பள்ளமாக்கி, ஒரு வரி மேடு, ஒரு வரி குழி என்று விசிறிபோலச் சிப்பியை எடுப்பீர்கள். அதன் இருபுறமும் ஓடும் கொடிக்கருக்கு பல நேரம் தனி மரம். உங்கள் தொழிலில் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மெல்லிய பலகையை இன்னொரு தடித்த பலகைமேல் வைத்து, இடையில் காகிதம் கொடுத்து, வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவார்கள். ஒட்டிய பிறகு ஆடாது, அசையாது. பயமில்லாமல் உளி ஓட்டலாம். முடிந்ததும் கத்தியை உள்ளே விட்டால் காகிதம் கிழிந்து செதுக்கல் முழுசாகக் கழன்று வரும். அதை எடுத்து இழுப்பறை முகப்பில் ஒட்டிவிட்டால், அங்கேயே முளைத்த கொடி மாதிரி நிற்கும். ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பமா என்று நான் வியந்துகொண்டே இருக்கிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது இலையின் மேலே கடைசியாக ஓடும் கோடுகள். இலையின் உருவம் எழும்பிய பிறகு, நகவுளியின் மெல்லிய முனையால் நரம்புபோலக் கோடுகள் இழுக்கிறீர்கள். நுனிக்குப் போகப்போக நெருங்கி, மடிப்புக்குள் இறங்கும்போது ஆழமாகி, வெளியே வரும்போது மறைந்துவிடும் கோடுகள். அளவுகோல் வைத்து வருவதில்லை, மணிக்கட்டிலிருந்து வருவது. உங்கள் காலத்து அறையில் வெளிச்சம் என்றால் சன்னலும் மெழுகுவர்த்தியும்தான். கீழே மேசையில் எரியும் சுடர் அந்தக் கோடுகளில் பட்டு இலையைத் தூக்கிக் காட்டும். அருங்காட்சியகத்தின் சீரான மின்விளக்கில் உங்கள் வேலையைப் பார்க்கிற எங்களுக்கு அது பாதிதான் கிடைக்கிறது. அந்தப் பாதியே இப்படி இருக்கிறது.

உங்களைக் கண்டுபிடித்ததும் அந்தக் கோடுகள்தான். 1980களில் லூக் பெக்கர்டைட் என்ற ஆய்வாளர் உங்கள் ஊர்ச் செதுக்கு பட்டறைகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவரும் அவரைப் போன்றவர்களும் பார்த்த விதம் எளிமையானது, பொறுமை கேட்பது. பாணியைப் பார்க்கக் கூடாது. பாணி எல்லாருக்கும் பொது. எந்த உளியை எந்த வரிசையில் எடுத்தார், இலைநுனியை எப்படித் திருப்பினார், இரண்டு இலைகள் பிரியும் கவட்டையில் வெட்டு எப்படி விழுகிறது, பின்புலத்தைச் சுத்தமாக வழித்தாரா, புள்ளி குத்தினாரா என்று பார்க்க வேண்டும். யாரும் கவனிக்காத இடத்தில்தான் கை தன் பழக்கத்தில் போகும்.

இன்னொரு வழியும் அவர்களுக்கு இருந்தது. பெட்டகம் ஊர் ஊராகக் கைமாறிவிடும், வீடு நகராது. பிலடெல்பியாவின் பெரிய வீடுகளில் கணப்படுப்பின் மேல்மாடத்தையும் கதவு நிலைகளையும் செதுக்கியவர்களுக்குக் காசு கொடுத்த கணக்கு சில குடும்பங்களின் காகிதங்களில் பிழைத்துக் கிடக்கிறது. சாமுவேல் பவல் என்பவர் வீட்டில் ஹெர்குலிஸ் கோர்ட்னி என்ற சிற்பி செதுக்கினார் என்பது அப்படித் தெரிந்ததுதான். சுவரில் இருப்பது இன்னார் கை என்று தெரிந்துவிட்டால், அதே கை பெட்டகத்தில் தென்படும்போது பெயர் சொல்லிவிடலாம். இந்த வழியில் கோர்ட்னிக்குப் பெயர் திரும்பியது. நிக்கலஸ் பெர்னார்டும் மார்ட்டின் ஜூகியஸும் கூட்டாக நடத்திய பட்டறைக்கும், ஜேம்ஸ் ரெய்னால்ட்ஸுக்கும் திரும்பியது. உங்களுக்கு மட்டும் அப்படியொரு சுவரும் சீட்டும் சேர்ந்து அமையவில்லை.

பெயர் போடாமல் விட்டது உங்கள் அடக்கம் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குக் கோபம் வருகிறது. அடக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொழில் அப்படி அமைந்திருந்தது. வாடிக்கையாளர் தச்சரிடம் வருவார். தச்சர் செதுக்கு வேலையை வெளியே கொடுப்பார். பட்டியலில் செதுக்குக் கூலி ஒரு வரி. தாமஸ் அஃப்லெக் என்ற பெரிய தச்சர் 1770-இல் ஜான் காட்வாலடர் என்ற செல்வருக்கு எழுதிய பட்டியலில், செதுக்கியதற்காக ரெய்னால்ட்ஸுக்கு இவ்வளவு, பெர்னார்ட்-ஜூகியஸுக்கு இவ்வளவு என்று சேர்த்திருக்கிறார். அந்த ஒரு வரி கிடைத்ததே இன்று பெரிய பாக்கியமாகப் பேசப்படுகிறது. வர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உங்கள் ஊரில் செய்த உயரப் பெட்டகம் ஒன்று இருக்கிறது. ஹென்றி கிளிஃப்டன், தாமஸ் கார்ட்டரெட் என்ற இரண்டு தச்சர்கள் தங்கள் பெயரையும் 1753 நவம்பர் தேதியையும் அதில் எழுதி வைத்தார்கள். அதைப் படிக்கிறபோதெல்லாம் அவர்கள்மேல் எனக்கு அன்பு பொங்குகிறது. பெயர் எழுதும் ஆசை உங்கள் தலைமுறைக்கு இல்லாமல் இல்லை. இடம்தான் கிடைக்கவில்லை.

கோர்ட்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லண்டனில் தாமஸ் ஜான்சன் என்ற பேர்போன செதுக்கு ஆசானிடம் படித்தவர். கடல் கடந்து வந்து, பெஞ்சமின் ராண்டால்ஃப் பட்டறையில் ஒப்பந்தக் காலத்தைக் கழித்து, 1769-இல் சொந்தத் தொழில் தொடங்கியதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அவ்வளவு பெரிய கை, பிற்காலத்தில் உளியை வைத்துவிட்டு மதுவிடுதி நடத்தப் போனது. அமெரிக்க விடுதலைப் போர் வந்தது, பணம் முடங்கியது, பெட்டகம் கேட்பார் குறைந்தனர். கடைசிக் காலத்தில் உங்கள் நிலை எப்படி இருந்ததோ என்று அப்போதுதான் மனம் கலங்குகிறது.

அந்த நகரத்துச் சிற்பிகள் மரத்தில் கதையும் சொன்னார்கள். பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டகம் இருக்கிறது. சிப்பி இருக்க வேண்டிய கீழ் இழுப்பறையில் நரி ஒன்று எட்டாத திராட்சையைப் பார்த்து நிற்கிறது. காலையில் எழுந்து துணி எடுக்கக் குனிகிறவர் கண்ணில் படுவது அந்த நரிதான். வீட்டுக்காரர் தம் செல்வத்தைக் காட்டச் செய்த சாமானில், ஆசைப்பட்டு ஏமாந்த நரியைச் செதுக்கக் கொடுத்தவர்களின் மனசை நான் எண்ணிப் பார்க்கிறேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள இன்னொரு பெட்டகத்தின் உச்சியில் பெண்ணுருவம் ஒன்று இருக்கிறது. பிற்காலத்தார் அந்தப் பெட்டகத்துக்கே 'மதாம் பொம்பதூர்' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். பிரெஞ்சு அரசரின் காதலிக்கும் பிலடெல்பியா மரத்துக்கும் என்ன உறவோ!

ஐயா, உங்களுக்கு நன்றி சொல்கிற வாயால் இன்னும் சிலருக்குச் சொல்லாமல் நிறுத்த முடியாது. உங்கள் மேசைக்கு வந்த மகாகனி பென்சில்வேனியாவில் வளர்ந்ததல்ல. ஜமைக்காவிலிருந்தும் மற்றக் கரீபியக் கரைகளிலிருந்தும் ஹொண்டுராஸ் விரிகுடாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1721-இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களின் மரத்துக்குச் சுங்கத்தை நீக்கியதும் அந்த வணிகம் பெருகியது. வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும். ஹொண்டுராஸ் விரிகுடாக் காடுகளில் மரம் தேட ஒரு தனி ஆள் இருப்பார். ஆகஸ்ட் வாக்கில் மகாகனி இலை பழுத்து நிறம் மாறும். அவர் காட்டிலேயே உயர்ந்த மரத்தில் ஏறி, பச்சைக் கடலுக்குள் அந்தச் செம்மஞ்சள் எங்கே என்று கண்ணால் குறித்துக்கொண்டு இறங்கி, திசை தப்பாமல் நடந்து போய் மரத்தைத் தொடுவார். அடிமரம் சுவர்போல விரிந்திருப்பதால் சாரம் கட்டி, பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேலே நின்று கோடரி போட வேண்டும். வெயிலில் மாடுகள் தாங்காது என்று இரவில் தீவட்டி வெளிச்சத்தில் கட்டைகளை இழுப்பார்கள். மழை வந்து ஆறு பெருகினால்தான் கட்டைகள் கடலுக்குப் போகும்.

அவர்களுக்குக் கூலி இல்லை. உங்களுக்காவது கூலி வந்தது. உங்கள் ஊர்ப் பட்டறைகள் சிலவற்றிலேயே அடிமைகள் வேலை செய்தார்கள். பென்சில்வேனியா படிப்படியாக அதை ஒழிக்கச் சட்டம் போட்டது 1780-இல்தான். உங்கள் உளி அவ்வளவு கூர்மையான விளிம்பை எடுக்க முடிந்ததற்கு அந்த மரத்தின் நெருக்கமான இழையும் காரணம். அந்த இழையைத் தேடிக் காட்டுக்குள் போனவரின் கண்ணும் உங்கள் கையும் ஒரே பெட்டகத்தில் இருக்கின்றன. உங்களையாவது கார்வன் என்று கூப்பிடுகிறார்கள். அவரைக் கூப்பிட அதுவும் இல்லை. அந்த மரத்தை அப்படியே வெட்டித் தீர்த்து, இன்று பன்னாட்டு உடன்படிக்கை போட்டுக் காக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தாயிற்று. எங்கள் தமிழ்நாட்டில் இப்போது தோட்டங்களிலும் வரப்புகளிலும் மகாகனிக் கன்று நடுகிறார்கள். அந்த மரத்தின் இந்தப் பழங்கதையை நடுகிறவர்களும் அறிய வேண்டும் என்பது என் ஆசை.

விலையைப் பற்றியும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். கேட்டால் நம்ப மாட்டீர்கள். 1929-இல் நடந்த ஓர் ஏலத்தில் 'வான் பெல்ட்' குடும்பத்துப் பிலடெல்பியாப் பெட்டகத்தை ஹென்றி டூ பாண்ட் 44,000 டாலருக்கு எடுத்தார். டெலவேரில் அவர் வாழ்ந்த விண்டர்தர் மாளிகை இன்று அருங்காட்சியகம். 1989-இல் நியூபோர்ட் ஊரின் டவுன்செண்ட்-கோடார்ட் தச்சுக் குடும்பங்கள் செய்த எழுதுமேசை அலமாரி ஒன்று நியூயார்க்கில் 1 கோடியே 21 லட்சம் டாலருக்குப் போனது. அதைச் செய்யச் சொன்னவர் பிராவிடன்ஸ் வணிகர் நிக்கலஸ் பிரவுன். அவரும் சகோதரர்களும் 1764-இல் 'சாலி' என்ற கப்பலை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அதில் வாங்கப்பட்ட 196 பேரில் குறைந்தது 109 பேர் இறந்தார்கள். பிரவுன் பல்கலைக்கழகமே ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு அது. அழகான சிப்பிகள் அந்த அலமாரியிலும் உண்டு. அந்த அழகை நான் மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏலத் தொகையை வாய் பிளந்து சொல்கிறவர்கள் செய்தவரைப் பற்றி அரை வாக்கியம் சொன்னாலே அதிகம்.

விலை ஏறுவதற்கு முன்னால், பழசு என்று ஒதுக்கப்பட்ட நீண்ட காலத்தில், உங்கள் பெட்டகங்களைக் காப்பாற்றியவர்கள் பலர் வீட்டுப் பெண்கள். தாயிடமிருந்து மகளுக்கு என்று அவை இறங்கின. மெழுகு தேய்த்தார்கள், இழுப்பறை இறுகினால் ஆள் வைத்துச் சரிசெய்தார்கள், ஊர் மாறும்போது வண்டியில் ஏற்றினார்கள். இப்போது அருங்காட்சியகப் பராமரிப்பாளர்கள் அந்த வேலையைச் செய்கிறார்கள். உடைந்த இலைநுனிக்குப் பதிலாகப் புது நுனி செய்து வைக்கும்போது, எது உங்களுடையது, எது தங்களுடையது என்று குறிப்பெழுதி வைக்கிறார்கள். உங்கள் வெட்டோடு தங்கள் வெட்டு கலந்துவிடக் கூடாது என்ற அந்தக் கண்ணியத்துக்காக அவர்களுக்கும் என் நன்றி.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இழுப்பறைக் கணக்கில் கூலி வந்த வேலை அது. கொஞ்சம் ஆழம் குறைத்தாலும் தச்சர் வாங்கிக்கொண்டு போயிருப்பார், வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் குறைக்கவில்லை. இலை மடிப்பின் அடியில், குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில்கூட, கோடு அறுபடாமல் உள்ளே போகிறது. நல்ல வேலை என்றால் என்ன என்று நான் படித்த பாடங்களில் உங்கள் சிப்பி ஒன்று. மரவேலையைப் பார்க்கும் கண்ணை எனக்கு அது கொடுத்தது. இப்போது எந்தக் கதவைப் பார்த்தாலும், எந்தக் கட்டில் தலைமாட்டைப் பார்த்தாலும், முதலில் உளி எந்தப் பக்கமிருந்து நுழைந்திருக்கிறது என்று தேடுகிறேன்.

வாசகர்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளைகள் படிக்கிற ஊர், வேலை பார்க்கிற ஊர் என்று அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். நியூ ஹேவனில் யேல் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிலடெல்பியா, நியூயார்க் அருங்காட்சியகங்களில் ஓவியக் கூடங்களைப் பார்த்து முடித்ததும் மரச்சாமான் அறையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். உயரப் பெட்டகம் கண்ணில் பட்டால் உச்சியைப் பார்த்துவிட்டு நகராமல், கால் மடக்கி உட்கார்ந்து கீழ் இழுப்பறையைப் பாருங்கள். பக்கத்து அட்டையில் தச்சர் பெயரோ கொடுத்தவர் பெயரோ மட்டும் இருந்தால், செதுக்கியவர் யார் என்று அங்கிருப்பவரிடம் கேளுங்கள். பலர் கேட்டால்தான் அட்டைகள் மாறும்.


உங்கள் வேலையை நேசிக்கும் ஒரு தமிழன்